பத்து ஜிபியில் நின்ற வரன் பதிவு: ஒரு தரவுத்தள மாற்றத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

தென்மாவட்ட நகரம் ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் திருமணத் தகவல் மையம் அது. நீள நோட்டில் பெயர், நட்சத்திரம், ராசி, படிப்பு என்று எழுதிவைத்துத் தொடங்கியவர்கள், 2015-இல் இணையதளம் ஆரம்பித்தார்கள். அன்றைக்கு அதைச் செய்துகொடுத்தவர் பக்கங்களை ஏஎஸ்பி டாட்நெட்டில் எழுதி, அடியில் மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வர் 2014 என்ற தரவுத்தள மென்பொருளின் எக்ஸ்பிரஸ் பதிப்பை வைத்திருந்தார். வாடகைக்கு எடுத்த ஒரு விண்டோஸ் சர்வரில் இரண்டும் ஓடின. நான் 2021 முதல் இந்தத் தளத்தைப் பகுதி நேரமாகப் பராமரிக்கிறேன்.

மையத்தை நடத்துகிறவரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். தளத்தின் அன்றாட வேலைகளை அவருடைய மகள் பார்த்துக்கொள்கிறார். நேரில் வருகிறவர்களின் விவரங்களைக் கணினியில் ஏற்றுவது முன்மேசையில் இருக்கும் அக்கா. பிரச்சினை வந்தபோது ஏறக்குறைய 30,000 பதிவுகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று புகைப்படங்களும் ஸ்கேன் செய்த ஜாதகக் கட்டமும் உண்டு. இந்தப் படங்கள் எல்லாமே தரவுத்தள அட்டவணைக்குள் போய் உட்கார்ந்திருந்தன. கோப்புறையில் ஒன்றுகூட இல்லை.

என்ன நடந்தது

2023 செப்டம்பர் முதல் வாரம். ஆவணி முகூர்த்தங்கள் முடியாத நேரம், மையத்தில் கூட்டம் இருந்தது. காலை பத்து மணிக்கு அக்கா போன் செய்தார். புதிதாக ஒரு வரனைப் பதிந்தால் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்து கடைசியில் பிழை காட்டுகிறதாம். ஏற்கெனவே இருக்கும் வரன்களைத் தேடவும் பார்க்கவும் முடிகிறது, புதிதாக எதுவும் ஏறவில்லை.

சர்வரின் பிழைப் பதிவேட்டைத் திறந்தேன். இரண்டு எண்கள் மாறி மாறி வந்திருந்தன. 1105 என்றால் முதன்மைக் கோப்புத் தொகுதி நிரம்பிவிட்டது, இனி இடம் ஒதுக்க முடியாது என்று பொருள். மற்றொன்று 1827. தரவுத்தளத்தின் மொத்த அளவு, உரிமம் அனுமதிக்கும் 10240 எம்பியைத் தாண்டும் என்பதால் வளர்க்க முடியாது என்று அது சொன்னது. வன்தட்டில் 60 ஜிபி காலியாகக் கிடந்தது. இடமெல்லாம் இருக்கிறது, பயன்படுத்தத்தான் அனுமதி இல்லை.

எக்ஸ்பிரஸ் பதிப்புக்குக் காசு கிடையாது. வணிகத் தளத்துக்கே தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் அன்றைய பதிப்புகளில் ஒரு தரவுத்தளம் 10 ஜிபிக்கு மேல் வளரக் கூடாது. 2014 பதிப்பில் தரவை வைத்துக்கொள்ள 1 ஜிபி நினைவகத்துக்கு மேல் எடுக்காது. சிபியு ஒரு சாக்கெட் (ஒரு சில்லு) அல்லது 4 கோர் (சில்லுக்குள் இருக்கும் கணக்கிடும் அலகு), இரண்டில் எது குறைவோ அதுதான். குறித்த நேரத்துக்கு வேலைகளைத் தானாக ஓட்டும் ஏஜென்ட் வசதியும் அதில் இல்லை. அந்தக் கடைசிக் குறையால் வந்த விளைவை அன்றைக்குத்தான் நான் முழுதாக உணர்ந்தேன்: பேக்கப் தானாக எடுக்கப்படவே இல்லை. மகள் மாதம் ஒருமுறை கையால் எடுத்துவந்தார். கடைசியாக எடுத்து 23 நாள் ஆகியிருந்தது.

நிலைமையை விளக்கியதும் அண்ணாச்சி கேட்டது ஒரே கேள்வி: “தம்பி, இதுக்குக் காசே கட்ட வேண்டாம்னு சொல்லித்தானே போட்டாங்க?”

சொன்னது பொய்யில்லை. எந்த வகையில் இலவசம் என்பதைத்தான் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. இரண்டு வருடமாகப் பராமரித்துவந்த நானும் சொல்லவில்லை.

அன்றைய அவசர முடிவு

எதைத் தொடுவதற்கும் முன் முழு பேக்கப் ஒன்றை எடுத்து வேறு இடத்துக்கு அனுப்பினேன். அப்புறம் எந்த அட்டவணை எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பார்த்தேன். யார் எப்போது எந்த வரனைப் பார்த்தார்கள் என்று 2015-இலிருந்து பதிந்துகொண்டே வந்த அட்டவணை மட்டும் 1 ஜிபிக்கு மேல் இருந்தது. யாரும் அதைத் திறந்து பார்த்ததே இல்லை. அதன் உள்ளடக்கத்தைக் கோப்பாக எடுத்துவைத்துவிட்டு அட்டவணையைக் காலி செய்ததும் பதிவு மறுபடி வேலை செய்தது. மணி அப்போது பன்னிரண்டு.

இதற்கிடையில், தளத்தை முதலில் செய்துகொடுத்தவரிடம் மகள் போனில் பேசியிருந்தார். டெவலப்பர் பதிப்பைப் போட்டுவிடுங்கள், அளவு வரம்பே கிடையாது, அதற்கும் காசு வேண்டாம் என்று அவர் யோசனை சொன்னாராம். தொழில்நுட்பமாகப் பார்த்தால் அது வேலை செய்யும். டெவலப்பர் பதிப்பு 2016-இலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது, விலை உயர்ந்த எண்டர்பிரைஸ் பதிப்பின் வசதிகள் எல்லாம் அதில் உண்டு. ஆனால் அதன் உரிமம் மென்பொருளை உருவாக்கவும் சோதித்துப் பார்க்கவும் மட்டுமே அனுமதி தருகிறது. பொதுமக்கள் வந்துபோகும் தளத்தை அதில் ஓட்டினால் உரிம மீறல். வேண்டாம் என்று அண்ணாச்சியிடம் நேராகச் சொன்னேன். அவரும் மறுபேச்சின்றி ஒத்துக்கொண்டார். ஊரில் நாலு பேர் நம்பி ஜாதகத்தைக் கொடுக்கும் இடத்தில் திருட்டு வேலை எதற்கு என்றார்.

அந்த வாரக் கடைசியில் படங்களை ஒவ்வொன்றாக அட்டவணையிலிருந்து எடுத்து வன்தட்டுக் கோப்புகளாக்கினேன். தரவுத்தளத்துக்குள் 7 ஜிபிக்கு மேல் இடம் காலியானது. அவசரம் தீர்ந்தது. இந்த வேலையில் நான் ஒரு தவறும் செய்தேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

உரிமக் கணக்கு

இடம் கிடைத்துவிட்டதே, இப்படியே விட்டால் என்ன என்ற கேள்வி நியாயமானது. படங்கள் வெளியே போய்விட்டதால் இன்னும் சில வருடங்கள் ஓடும். வரம்பு ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் தனித்தனி என்பதால், அவசியம் வந்தால் இரண்டாகப் பிரித்தும் ஓட்டலாம். விட முடியாததற்கு இரண்டு காரணங்கள். 2014 பதிப்புக்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2024 ஜூலை 9-உடன் முடியவிருந்தது. அதற்குமேல் வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. எப்படியும் வேறு பதிப்புக்குப் போகத்தான் வேண்டும். மற்றொன்று அண்ணாச்சியின் திட்டம்: இதே மென்பொருளைப் பக்கத்து ஊர்களில் மையம் நடத்தும் உறவினர்கள் இருவருக்கு விலைக்குக் கொடுக்க நினைத்திருந்தார். முடிவைத் தீர்மானித்தது கடைசியில் இந்தத் திட்டம்தான்.

காசு கொடுத்து வாங்குவது முதல் வழி. எஸ்க்யூஎல் சர்வர் ஸ்டாண்டர்ட் பதிப்பில் பயனருக்கு இத்தனை என்று உரிமம் வாங்கும் முறை உண்டு. அலுவலகத்துக்குள் பத்துப் பேர் பயன்படுத்தும் மென்பொருளுக்கு அது சரி. ஊரே வந்து தேடும் தளத்தில் பயனர்களை எண்ணிக்கொண்டிருக்க முடியாது. அதனால் கோர் கணக்கில்தான் வாங்க வேண்டும். 2 கோர் கொண்ட பொதியாக விற்கிறார்கள், குறைந்தது 4 கோர் வாங்கியாக வேண்டும். 2022 பதிப்புக்கு மைக்ரோசாஃப்டின் பட்டியல் விலை அப்போது பொதிக்கு 3,945 டாலர். இரண்டு பொதிக்கு 7,890 டாலர், அன்றைய மதிப்பில் ஆறரை லட்சம் ரூபாய். உறவினர்களின் மையங்களுக்கும் தனித்தனி சர்வர் என்றால் அவர்களும் இதே கணக்கைப் பார்க்க வேண்டும். இணையதளங்களுக்கென்றே வெப் என்றொரு பதிப்பும் அப்போது இருந்தது. அதைக் கடையில் வாங்க முடியாது, சேவை வழங்கும் ஹோஸ்டிங் நிறுவனங்கள் மூலம் மாத வாடகைக்குத்தான். அதையும் விசாரித்தோம். மாதா மாதம் கட்டும் தொகை தாங்கக்கூடியதுதான், ஆனால் பக்கத்து ஊர் மையங்களும் அதே மாதிரி ஹோஸ்டிங்கில் கட்டுண்டு கிடக்க வேண்டும்.

அடுத்து மைஎஸ்க்யூஎல், அதிலிருந்து பிரிந்த மரியாடிபி. இவையும் தரவுத்தள மென்பொருள்கள்தான். உள்ளூரில் இணையதளம் செய்துதரும் ஒருவர், வணிகத்துக்குப் பயன்படுத்தினால் மைஎஸ்க்யூஎல்லுக்கும் உரிமம் வாங்கியாக வேண்டும் என்று அண்ணாச்சியைப் பயமுறுத்தி வைத்திருந்தார். இது பரவலாக இருக்கும் தவறான எண்ணம். மைஎஸ்க்யூஎல்லின் சமூகப் பதிப்பு ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் இரண்டாம் பதிப்பில் வருகிறது. அதை உங்கள் சர்வரில் நிறுவி, எவ்வளவு பெரிய வணிகத் தளத்தையும் ஓட்டலாம். காசும் வேண்டாம், உங்கள் நிரலை வெளியிடவும் வேண்டாம். மூல நிரலையும் தர வேண்டும் என்பது போன்ற ஜிபிஎல்லின் கட்டாயங்கள் மென்பொருளைப் பிறருக்கு விநியோகிக்கும்போதுதான் தொடங்குகின்றன. உங்கள் சர்வரில் அது ஓடுவதும் பார்வையாளர் பக்கத்தைப் பார்ப்பதும் விநியோகம் ஆகாது. ஏஜிபிஎல் என்ற உரிமம் வேறு. அதில் மாற்றம் செய்த மென்பொருளை வலை வழியே பிறர் பயன்படுத்தினாலே மூல நிரலைத் தர வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பலர் பயப்படுகிறார்கள்.

அண்ணாச்சியின் தளத்துக்கு மட்டும் என்றால் மரியாடிபியே போதும் என்று முடித்திருப்பேன். ஆனால் மென்பொருளைப் பொதியாக வெளியே கொடுக்கப்போகிறோம். நம் நிரலையும் தரவுத்தளத்தையும் இணைக்க, மைஎஸ்க்யூஎல்லின் உரிமையாளரான ஆரக்கிள் தரும் டாட்நெட் இணைப்பு நூலகம் ஜிபிஎல்லில் இருக்கிறது. அதை நம் மூடிய மென்பொருளோடு சேர்த்து விற்றால் சிக்கல் வரும். இப்படிக் கட்டாயப்படுத்தாத எம்ஐடி உரிமத்தில் வேறொரு இணைப்பு நூலகம் இருக்கிறது, அதைக்கொண்டு சமாளிக்கலாம். இருந்தாலும் விற்கும் ஒவ்வொரு தடவையும் எதைச் சேர்த்தோம், எதைச் சேர்க்கவில்லை என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய வேலை அது.

ஏன் போஸ்ட்கிரெஸ்

மூன்றாவது வழி போஸ்ட்கிரெஸ்க்யூஎல், சுருக்கமாகப் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள். அதன் உரிமம் ஒரு பக்கம்கூட வராது. பயன்படுத்தலாம், மாற்றலாம், விற்கும் பொதிக்குள் வைக்கலாம். பதிப்புரிமை அறிவிப்பை மட்டும் நீக்கக் கூடாது. அதன் டாட்நெட் இணைப்பு நூலகமும் அதே உரிமத்தில்தான் இருக்கிறது. அளவு வரம்போ கோர் வரம்போ கிடையாது.

யார் கையில் இருக்கிறது என்பதையும் பார்த்தேன். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1986-இல் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய ஆய்வுத் திட்டத்திலிருந்து வளர்ந்தது அது. இன்று எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமில்லை. மைஎஸ்க்யூஎல்லை 2008-இல் சன் நிறுவனம் வாங்கியது, 2010-இல் சன்னை ஆரக்கிள் வாங்கியது. அந்தப் பதற்றத்தில்தான் மைஎஸ்க்யூஎல்லை உருவாக்கியவர்களில் ஒருவரான மைக்கேல் விடேனியஸ் மரியாடிபியைப் பிரித்துக் கொண்டுபோனார். மோங்கோடிபி என்ற இன்னொரு தரவுத்தளம் 2018-இல் தன் உரிமத்தை இறுக்கிக்கொண்டது. நாங்கள் மாறி முடித்த சில மாதங்களில், 2024 மார்ச்சில், ரெடிஸ் என்ற தரவுத்தளமும் அதையே செய்தது. 2025-இல்தான் ஏஜிபிஎல்லை ஒரு தேர்வாகச் சேர்த்துத் திரும்பி வந்தது. பழைய பதிப்புகளின் உரிமத்தை யாரும் பின்தேதியிட்டுப் பிடுங்க முடியாது என்பது உண்மை. ஆனால் பழைய பதிப்பிலேயே எத்தனை நாள் இருப்பது?

தமிழில் இலவச மென்பொருள், கட்டற்ற மென்பொருள் என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. அண்ணாச்சிக்கு நான் அந்த இரண்டையும் வைத்துத்தான் விளக்கினேன். எக்ஸ்பிரஸ் இலவசம், ஆனால் கட்டு உண்டு. போஸ்ட்கிரெஸில் அந்தக் கட்டு இல்லை. பிரச்சினை வந்தால் யாரிடம் போய் நிற்பது என்று கேட்டார். ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் 5 ஆண்டுகள் திருத்தங்கள் வரும், காசு கொடுத்தால் ஆதரவு தரும் நிறுவனங்களும் உண்டு, அன்றாடத்துக்கு நான் இருக்கிறேன் என்றேன். கடைசியாகச் சொன்னதுதான் பலவீனமான பதில் என்பது எனக்குத் தெரியும். அதற்காகவே எல்லா வேலைகளையும் படிப்படியாக எழுதி மகளிடம் கொடுக்க ஒத்துக்கொண்டேன்.

இடமாற்றம்

அக்டோபரில் தொடங்கினேன். அட்டவணைகளை மாற்றுவது எளிதாக முடிந்தது. நேரம் தின்றது, தரவுத்தளத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருந்த நாற்பது செயல்முறைகள். பொருத்தம் பார்க்கும் கணக்கு, வயது வரம்புத் தேடல் எல்லாம் எஸ்க்யூஎல் சர்வருக்கே உரிய மொழியில் இருந்தன. ஒவ்வொன்றையும் திருப்பி எழுதி, ஒரே கேள்விக்கு இரண்டு தரவுத்தளங்களும் ஒரே விடை தருகின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்த்தேன்.

ஒத்திகையில் அக்கா ஒன்றைக் கவனித்தார். ஊர்ப் பட்டியலில் விளாத்திகுளம் முன்னால் வந்து விழுப்புரம் பின்னால் போயிருந்தது. தஞ்சாவூருக்கு முன்னால் ஜெயங்கொண்டம் நின்றது. நான் தரவுத்தளத்தை உருவாக்கும்போது மொழி அமைப்பைக் கொடுக்காமல் விட்டதால், ஒவ்வொரு எழுத்துக்கும் கணினி வைத்திருக்கும் யூனிகோட் எண் வரிசைப்படியே அடுக்கியிருக்கிறது. யூனிகோடில் ளகரம் ழகரத்துக்கு முன்னால் வரும், ஜகரம் சகரத்தை ஒட்டியே உட்கார்ந்திருக்கும். மொழிவாரியான வரிசைகளைத் தெரிந்துவைத்திருக்கும் ஐசியு நிரல் நூலகத்தின் தமிழ் அடுக்கு முறையைக் குறிப்பிட்டதும் நம் அகரவரிசை வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் படித்த வரிசையில் பட்டியல் நிற்பதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது.

இன்னொன்று வருத்தமானது. சில நூறு பதிவுகளில் தமிழில் ஏற்றிய தகப்பனார் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கேள்விக்குறிகள் இருந்தன. எஸ்க்யூஎல் சர்வரில் யூனிகோட் எழுத்துகளை நேரடியாகக் கட்டளைக்குள் எழுதும்போது மேற்கோளுக்கு முன்னால் N என்ற ஆங்கில எழுத்தைப் போட வேண்டும். பழைய பக்கம் ஒன்றில் அது விடுபட்டிருந்தது, சேமிக்கும்போதே எழுத்துகள் அழிந்துவிட்டன. எந்தத் தரவுத்தளத்துக்கு மாற்றினாலும் அவை திரும்ப வராது. நல்லவேளை, மையத்தில் காகிதப் படிவங்களை யாரும் எறியவில்லை. பீரோவிலிருந்து கட்டுக்கட்டாக எடுத்து, அக்கா மூன்று வாரம் உட்கார்ந்து பெயர்களை மறுபடி ஏற்றினார்.

மாறும் நாளாக மார்கழியைத் தேர்ந்தெடுத்தோம். கல்யாணப் பேச்சு இல்லாத மாதம், தளத்தில் ஆள் நடமாட்டம் குறைவு. டிசம்பர் 17 ஞாயிறு இரவு என்று குறித்திருந்தோம். அன்றும் மறுநாளும் தென்மாவட்டங்களில் கொட்டிய பெருமழை எல்லோருக்கும் நினைவிருக்கும். சர்வர் வெளியூரில் பத்திரமாக இருந்தது. மையத்தின் தரைத்தளத்தில் தண்ணீர். வேலையை அப்படியே நிறுத்திவைத்து, 2024 ஜனவரி 7 ஞாயிறு இரவு மாற்றினோம். பொங்கலுக்கு ஒரு வாரமே இருந்தது. பதினொரு மணிக்குத் தளத்தை மூடி, இரண்டரை மணிக்குத் திறந்தோம்.

மாறிய பின்

திங்கள் காலை ஏழு மணியிலிருந்து உள்ளே நுழைய முடியவில்லை என்ற அழைப்புகள். கடவுச்சொல் சரியாகத்தான் இருந்தது. பழைய தரவுத்தளத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்க்காத அமைப்பு இருந்தது. போஸ்ட்கிரெஸ் பார்க்கும். மின்னஞ்சலின் முதல் எழுத்தைக் கைபேசி தானாகப் பெரிதாக்கிவிட, அப்படியே பதிந்தவர்கள் எல்லோரும் வெளியே நின்றார்கள். ஒத்திகையில் நாங்கள் சோதித்த கணக்குகள் எல்லாம் சிறிய எழுத்தில் இருந்ததால் இது மாட்டவில்லை. மின்னஞ்சல் பத்தியை எழுத்து வேறுபாடு பார்க்காத வகைக்கு மாற்றினேன். ஒன்பதே காலுக்குச் சரியானது.

தை, மாசி முகூர்த்தக் காலம் தடையின்றிப் போனது. சர்வரில் 16 ஜிபி நினைவகம் முன்பும் இருந்தது, பயன்படத்தான் வழியில்லாமல் இருந்தது. இப்போது பொருத்தம் தேடும் பக்கம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வேகமாக வருகிறது. தினமும் இரவு இரண்டு மணிக்கு பேக்கப் எடுத்து வேறு ஊர் சர்வருக்குப் போகிறது. மாதம் ஒருமுறை அதிலிருந்து மீட்டெடுத்துப் பார்க்கும் வேலையை மகள் செய்கிறார். உறவினர்களின் மையம் ஒன்றில் 2024 ஆவணியில் நிறுவினோம். உரிமத்துக்கென்று ஒரு ரூபாயும் செலவாகவில்லை. என் வேலைக்கு அண்ணாச்சி கொடுத்தது, வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் உரிமத் தொகையில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு.

2025-இல் வந்த எஸ்க்யூஎல் சர்வர் பதிப்பில் எக்ஸ்பிரஸின் வரம்பை 50 ஜிபியாக உயர்த்திவிட்டார்கள், வெப் பதிப்பை நிறுத்திவிட்டார்கள். அன்றைக்கே 50 ஜிபி இருந்திருந்தால் மாறியிருப்போமா என்று மகள் கேட்டார். அவசரம் வந்திருக்காது, அதனால் அப்போது மாறியிருக்கமாட்டோம் என்பதுதான் நேர்மையான பதில். வெப் பதிப்பின் பக்கம் போயிருந்தால், இப்போது மறுபடி இடம் தேடிக்கொண்டிருப்போம்.

எதை வேறு மாதிரி செய்வேன்

படங்களை வன்தட்டுக்கு மாற்றியபோது செய்த தவறை முதலில் சொல்ல வேண்டும். அவசரத்தில் அவற்றைத் தளத்தின் பொதுக் கோப்புறைக்குள் வைத்தேன், கோப்பின் பெயராகப் பதிவு எண்ணையே கொடுத்தேன். ஒன்பது நாள் கழித்து மகள் தற்செயலாக முகவரியில் ஒரு எண்ணை மாற்றிப் பார்த்திருக்கிறார். உள்ளே நுழையாமலேயே வேறொரு பெண்ணின் புகைப்படமும் ஜாதகமும் திறந்தன. அன்று மாலைக்குள் எல்லாவற்றையும் பொதுக் கோப்புறைக்கு வெளியே கொண்டுபோய், உள்நுழைந்தவரைச் சரிபார்த்த பிறகே படத்தைக் கொடுக்கும்படி மாற்றினேன். பதிவேட்டில் தேடியவரை, வேறு யாரும் அப்படித் திறந்து பார்த்த தடயம் இல்லை. அண்ணாச்சியிடம் மறைக்காமல் சொன்னேன். இனி இப்படிப்பட்ட வேலையை ஒரே ஆள் பார்த்து முடிக்கக் கூடாது என்று அவர் சொன்னதால், இப்போது எந்த மாற்றம் வெளியே போவதற்கு முன்பும் மகள் ஒருமுறை அந்நியராக நின்று தளத்தைத் திறந்து பார்க்கிறார்.

பராமரிப்பை ஏற்றுக்கொண்ட முதல் வாரத்திலேயே எந்தப் பதிப்பு, எவ்வளவு வரம்பு, ஆதரவு எப்போது முடிகிறது என்று ஒரு தாளில் எழுதி அண்ணாச்சி கையில் கொடுத்திருக்க வேண்டும். 2021-இல் தரவுத்தளம் ஏற்கெனவே 8 ஜிபியைத் தாண்டியிருந்தது. இன்று அந்தத் தாள் முன்மேசைக்குப் பின்னால், நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி அக்கா அதில் தரவுத்தளத்தின் அளவைப் பேனாவால் எழுதுகிறார்.